சனிக்கிழமை வகுப்பு

இப்படி உக்காரு அம்மிணி, எடம் இருக்குது. அந்தப் பைய வேணும்னா என்ற மடியில வெச்சுக்கறேன், குடு. அத்தாணி தாண்டுனாத்தான் கூட்டம் கொறையும். நீ இந்தப் பக்கத்துப் புள்ளையாட்டத் தெரியலயே, வேலைக்கு வந்திருக்கறயா? தஞ்சாவூர்ப் பக்கமா. சரி சரி. கோபி வரைக்கும்தான? நானும் அங்கதான் எறங்கி டவுன் பஸ் புடிக்கோணும்.

ஒடம்பு சரியில்லையான்னு கேக்கறயா? ஒடம்புக்கு என்ன கண்ணு, கல்லாட்ட இருக்குது. ஒரு ஊட்டுக்குப் போயிட்டு வர்றேன். பதினாறு வருசமாப் போகாத ஊடு. எங்கூட்டுக்காரரோட தங்கச்சி ஊடு. அந்தியூர்ல இருக்கறா. கமலவேணின்னு பேரு. பாரு, பேரைச் சொல்லிப்போட்டேன். எங்க ஊட்டுக்குள்ள பதினாறு வருசமா யாரும் சொல்லாத பேரு. நான்தான் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தேன்.

எங்கூட்டுக்காரரு போயி நாலு மாசம் ஆச்சு. கரண்ட் ஆபீசுல லைன்மேனா சேந்து ஃபோர்மேனா ரிட்டயர்டு ஆனவரு. காலையில பல்லு வெளக்கிட்டு வந்து கட்டல்ல உக்காந்தாரு, காப்பி கொண்டா அப்படின்னாரு. நான் டம்ளரோட வந்தப்ப உக்காந்த மேனிக்கே இருந்தாரு. அவ்வளவுதான். நோய் நொடின்னு ஒரு நாள் படுக்கல. அதெல்லாம் குடுத்து வெச்ச சாவுன்னு எல்லாரும் சொல்றாங்க. யாருக்குக் குடுத்து வெச்சதுன்னுதான் எனக்குத் தெரியல.

இல்ல, அழுகறதுக்குச் சொல்லல. கோவத்துல சொல்றேன். செத்துப் போன மனுசன் மேல கோவப்படலாமான்னு கேக்காத. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்பறம் நீயே சொல்லு.

என்ற மாமியாளுக்குக் கையும் காலும் ஒரு பக்கமா இழுத்துருச்சு, படுத்த படுக்கையா ஆறு வருசம் கெடந்தா. ஆறு வருசம் அம்மிணி. மலம் மூத்திரம் எல்லாம் இந்தக் கைதான். காலையில ஏழு மணிக்கு ஒரு கஞ்சி, பதினொண்ணுக்கு ஒண்ணு, மத்தியானம் கொழையக் கரைச்ச சோறு, நாலு மணிக்கு ஒண்ணு, பொழுது உழுந்ததும் ஒண்ணு. வாய் ஒரு பக்கமாக் கோணிக் கெடந்ததால ஊத்துனா பாதி வெளிய வரும். தொடைச்சுட்டு மறுபடி ஊத்தோணும். ஒரு வேளைக்கு முக்கா மணி நேரம் ஆகும். என்ற அம்மா ஊட்டு நோம்பிக்கு ஒரு தடவை கூடப் போகல. என்ற தம்பி கல்யாணத்துக்குக் காலையில போயிட்டுப் பதினோரு மணிக் கஞ்சிக்குத் திரும்பி வந்தவ நான்.

மாமியா போனாளா. எழவுக்கு ஊரே வந்திருந்துது. எண்பது பேருக்குக் கொறையாது. கமலவேணி கடைசியா வந்தா. வந்தவ அம்மா மேல உழுந்து அழுதா, சரி, பெத்த தாயி, அழுகட்டும். அழுதுட்டே என்ன சொன்னா தெரியுமா? எங்கம்மா பசியிலயே போயிட்டாளே, நேரத்துக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்த ஆளில்லாமப் போயிட்டாளே அப்படின்னு. ஒப்பாரி வெக்கற ராகத்துல இல்ல. நல்லா எல்லாருக்கும் கேக்கற மாதிரி.

நான் அப்பத் தண்ணிக் கொடத்தோட நின்னுட்டு இருந்தேன். எல்லாப் பொம்பளைகளும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. நான் எங்கூட்டுக்காரரைப் பாத்தேன். பந்தக் கால்கிட்ட நின்னுட்டிருந்தாரு. கயித்தக் கையில புடிச்சுட்டு. அவருக்குக் கேட்டுது. கேக்காம இல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏம் புள்ள, அப்படிப் பேசாத, அவதான் பாத்தா அப்படின்னு ஒரு வார்த்தை. கயித்தையே பாத்துட்டு நின்னாரு.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன். காரியம் முடிஞ்ச மறுநாள் அவருகிட்டச் சொன்னேன். ஒண்ணு அவ, இல்லாட்டி நான். அவரு ஒண்ணும் சொல்லல. அவரு எதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சரின்னு எடுத்துக்கிட்டேன்.

அதுக்கப்பறம் நான் ஒண்ணும் பெருசாப் பண்ணல. சண்டைக்குப் போகல, தெருவுல நின்னு பேசல. நான் அந்த மாதிரி ஆளில்ல. ஆல்பத்துல அவ இருந்த போட்டோ நாலு இருந்துது. கிழிச்சுப் போடல, கிழிக்கறதெல்லாம் கேவலம். அடுப்புல வெச்சேன். அவ ஊட்டுல இருந்து ஒரு பத்திரிகை வந்துது, வாங்காமத் திருப்பி அனுப்புனேன். அவ்வளவுதான். அவரு மறந்துறக் கூடாதேன்னு வாரத்துக்கு ஒருக்கா, ரெண்டு தடவைன்னு நெனைவு பண்ணுவேன். அன்னைக்கு உங்க தங்கச்சி அப்படிச் சொன்னாளேன்னு. அவரு சோத்துல கைய வெச்சுட்டு அப்படியே உக்காந்திருப்பாரு. நான் பேசி முடிக்கற வரைக்கும் ஒரு வாய் எடுத்து உங்க மாட்டாரு. மரியாதை தெரிஞ்ச மனுசன்.

அவரு ஒரே ஒரு தடவைதான் வாயத் தொறந்தாரு. பதினோரு வருசம் இருக்கும். கமலவேணி புள்ள பெரிய மனுசி ஆயிட்டாளாம், தாய்மாமன் சீரு கொண்டு போகோணும், நான் மட்டும் போயிட்டு வந்துர்றேன் அப்படின்னாரு. உங்க ஊர்லயும் மாமன் சீரு உண்டுதான? மாமன் வந்து மாலை போட்டு எடுத்துட்டு வந்தாத்தான் அந்தப் புள்ளைக்குப் பெருமை. எனக்கும் தெரியும். நான் போக வேண்டாம்னு சொல்லல. போங்க, தாராளமாப் போங்கன்னுதான் சொன்னேன். போயிப் படுத்துட்டேன். மூணு நாள் பச்சத் தண்ணி குடிக்கல. மூணாம் நாள் பொழுதோட எங்கூட்டுக்காரரு வந்து, நான் போகல எந்திரி அப்படின்னாரு. அவரா எடுத்த முடிவு அது. நான் தடுக்கல.

அந்த வருசத்துல இருந்துதான் தூக்கத்துல பல்லக் கடிப்பாரு. நறநறன்னு. பக்கத்துல படுத்திருக்கறவளுக்குத் தூக்கம் வருமா? பிரஷர் வந்துது. ரிட்டயர்டு ஆகறப்ப ரொம்ப ஏறிப் போச்சு. டாக்டரு சொன்னாரு, மாத்திரை குடுக்கறேன், ஆனா இவரு மனசுல எதையோ இறுக்கிப் புடிச்சு வெச்சிருக்கறாரு, அது எறங்காம இது எறங்காதுன்னு. என்னத்தைப் புடிச்சு வெச்சிருக்கப் போறாரு? கரண்ட் கம்பத்துல ஏறி எறங்குன வேலை, அந்தப் பயம்தான்னு நான் நெனைச்சேன்.

அதுக்காக அவரை ஒரு வகுப்புக்கு அனுப்புனது நான்தான் அம்மிணி. அதை நல்லாக் கேட்டுக்க. கோபியில ஒரு கல்யாண மண்டபத்து மாடியில வாராவாரம் சனிக்கிழமை ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஒண்ணு நடக்கும். நோட்டீஸ் குடுத்துட்டுப் போனாங்க. மனசோட முரண்டைக் கீழ வையுங்க, வாழ்க்கை லேசாகும்னு போட்டிருந்துது. மூச்சுப் பயிற்சி, கண்ணை மூடி உக்காறது, அப்பறம் ஒரு மாஸ்டரு பேசுவாரு. இவரு வேண்டாம்னாரு. நான்தான் சட்டைய இஸ்திரி போட்டுக் குடுத்து, பஸ் ஏத்தி விட்டேன்.

மொத ரெண்டு வாரம் போன மாதிரியே வந்தாரு. மூணாவது வாரம் வந்தாரு பாரு, எனக்கே ஆச்சரியம். நெத்தியில எப்பவும் மூணு கோடு இருக்கும், அது இல்ல. வந்ததும் சட்டையக் கழட்டி மாட்டிப்போட்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுக் கயித்துக் கட்டல்ல படுத்தாரு, ரெண்டு மணி நேரம் தூங்குனாரு. பல்லுக் கடிக்கற சத்தமே இல்ல. மூணு மாசத்துல பிரஷர் எறங்கிப் போச்சு. டாக்டரே கேட்டாரு, என்ன பண்ணுனீங்கன்னு. நான்தான் சொன்னேன், வகுப்புங்கன்னு.

காலையில எட்டு மணிக்குப் போனாருன்னா ரெண்டரை மணிக்கு வருவாரு. அங்கயே சாப்பாடு போட்டுருவாங்கன்னாரு. என்ன போட்டாங்கன்னு கேப்பேன். கொள்ளுப்பருப்புக் கடைஞ்சு, சுடுசோறு, நெய்யி அப்படின்னாரு. ஒரு வாரம் பச்சைப்பயறு, ஒரு வாரம் சந்தவம், உங்க ஊர்ல இடியாப்பம்பீங்களே, அது. நான் பக்கத்து ஊட்டுப் பரிமளத்துக்கிட்டப் பெருமையாச் சொல்லுவேன், எங்கூட்டுக்காரரு போற எடத்துல சொந்தக்காரங்களாட்டக் கவனிக்கறாங்கன்னு. பரிமளமும் அவ ஊட்டுக்காரரை ஞாயித்துக்கிழமை வகுப்புல சேத்தா. அந்த ஆளுக்கு ஒரு மாத்தமும் இல்ல. அங்க சோறும் போடறதில்லைன்னு சொன்னா. உன்ற ஊட்டுக்காரருக்கு மனசு ஒப்பி உக்காரத் தெரியல, அதான்னு நான் சொன்னேன். மூணு மாசம் அவ எங்கூடப் பேசல.

ரெண்டு வருசத்துக்கு முந்தி மூணு நாள் முகாம்னு போனாரு. பொட்டியில பட்டுக்கரை வேட்டி எடுத்து வெச்சாரு. முகாமுக்கு எதுக்குங்க இதுன்னேன். கடைசி நாள் எல்லாரும் வெள்ளையில வரோணும்னு சொல்லியிருக்கறாங்கன்னாரு. நானே மடிச்சு வெச்சேன். வர்றப்ப அந்த வேட்டியில மஞ்சத்தண்ணிக் கறை. சாமி கும்புட்டமாக்கும்னு தொவைச்சுப் போட்டேன்.

என்னையும் கூப்புட்டாரு ஒரு தடவை. ஒரு சனிக்கிழமை கெளம்பறப்ப வாசல்ல நின்னுட்டு, நீயும் ஒரு நாளைக்கு எங்கூட வாயேன், மனசுக்கு லேசா இருக்கும் அப்படின்னாரு. எனக்கு எதுக்கு, என்ற மனசுல என்ன இருக்குது, பைத்தியமா எனக்குன்னு கேட்டேன். ஒரு வேளை வந்து பாரேன்னாரு மறுபடி. ஊட்டு வேலைய யாரு பாக்கறதுன்னேன். செருப்பப் போட்டுட்டுப் போயிட்டாரு. அவரு வகுப்புக்குக் கூப்புடறாருன்னுதான அம்மிணி நான் நெனைப்பேன்? வேற என்ன நெனைக்க முடியும்?

எங்கூட்டுக்காரரு எழவுக்குக் கமலவேணி வந்தா. நான் யாரையும் தடுக்கல. அவ கால் இந்த வாசல்ல பட்டா நான் எந்திரிச்சுப் போயிருவேன்னு மட்டும்தான் சொன்னேன். அவளாவே ரோட்டுக்கு அக்கட்ட புங்க மரத்தடியில நின்னுக்கிட்டா. நாலு மணி நேரம் நின்னா. எடுத்துட்டுப் போறப்ப அங்கிருந்தே கும்புட்டா. ஊர்ல ஒண்ணு ரெண்டு பேரு மொகத்தச் சுளிச்சாங்க. ஆறு வருசம் கஞ்சி ஊத்துனப்ப அவங்க யாரும் வந்து ஒரு டம்ளர் கழுவித் தரல.

காரியம் எல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது. மூணு வருசம் போயிப் பழகுன வகுப்பு, அங்கிருந்து ஒருத்தரு வந்து ஒரு மாலை போடல. எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. ஒரு சனிக்கிழமை நேரா மண்டபத்துக்குப் போனேன். மாடியில நாப்பது பேரு கண்ணை மூடி உக்காந்திருக்கறாங்க. முடியற வரைக்கும் நின்னு மாஸ்டருகிட்டக் கேட்டேன், இப்படியா மனுசத்தன்மை இல்லாம இருப்பீங்கன்னு. அவரு பேரைக் கேட்டாரு, நோட்டுல பாத்தாரு, யோசிச்சாரு. கரண்ட் ஆபீஸ்காரருங்களா, அவரு ரெண்டே வாரம்தானுங்களே வந்தாரு அப்படின்னாரு. மூணாவது வாரம் கீழ வரைக்கும் வந்து, எனக்குப் போக வேண்டிய எடம் வேற ஒண்ணு இருக்குதுங்கன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாராம்.

பாதிப் படி எறங்கி நின்னேன் அம்மிணி. மூணு வருசம். எங்க போனாரு? கண்டதையும் நெனைச்சேன், உங்கிட்டச் சொல்றதுக்கு என்ன. அறுபது வயசுக்கு மேல வேற ஒருத்தியான்னு கூட நெனைச்சேன். கீழ எறங்கிப் பையனுக்குப் போன் போட்டேன். பெங்களூருல இருக்கறான். சொன்னா அவன் பதறுவான்னு பாத்தேன். அவன் பதறல. மெதுவாச் சொன்னான், அப்பா அத்தை ஊட்டுக்குத்தாம்மா போயிட்டிருந்தாரு, எனக்குத் தெரியும்னு.

அவனுக்குத் தெரியும். பஸ் கண்டக்டருக்குத் தெரியும். அந்தியூர்ல பேக்கரிக்காரனுக்குக் கூடத் தெரியுமாம், வாரா வாரம் ஒரு பொட்டலம் தேங்காய் பன்னு வாங்குவாராம். எனக்குத்தான் தெரியல.

மூணு மாசம் இதை வெச்சுட்டு இருந்தேன். ஏனம் கழுவறப்பல்லாம் பேசுவேன், அவகிட்ட என்னென்ன கேக்கோணும்னு. ஒவ்வொரு வார்த்தையா அடுக்கி வெச்சேன். கஞ்சியில இருந்து ஆரம்பிச்சு. இன்னைக்குக் காலையில எந்திரிச்சேன், சனிக்கிழமைன்னு தெரிஞ்சுது. சேலையக் கட்டிட்டு, அவரு ஏறுன எட்டு மணி பஸ்ஸுல ஏறிட்டேன்.

ஊடு தேடி வாசல்ல போயி நின்னேன். கதவு தொறந்துதான் இருந்துது. வந்தா. கெழவியாட்ட ஆயிட்டா அம்மிணி. என்னைய விட எட்டு வயசு சின்னவ. நான் கல்யாணம் ஆகி வந்தப்ப அவளுக்குப் பதினாலு வயசு. ஒரே பாயிலதான் படுப்போம். அவளுக்கு நான்தான் தலை சீவி விடுவேன், பேன் எடுப்பேன். அவளுக்கு மாப்பிள்ளை பாத்ததே நான்தான். சரி, அதெல்லாம் எதுக்கு இப்ப.

என்னையப் பாத்ததும் பயந்துட்டா. அப்பறம், வாங்க நங்கையான்னா. எங்க பக்கம் அண்ணன் பொண்டாட்டிய அப்படித்தான் கூப்புடுவாங்க. உள்ள போனேன். செவுத்துல ஒரு பெரிய போட்டோ. அவ புள்ளையோட கல்யாணப் போட்டோ. நடுவுல எங்கூட்டுக்காரரு, பட்டுக்கரை வேட்டி, தலையில உருமாலை, மாமன்னு நிக்கறாரு. பல்லுத் தெரியச் சிரிக்கறாரு. முப்பத்தி ஏழு வருசம் குடும்பம் நடத்தியிருக்கறேன். அந்தச் சிரிப்பை நான் பாத்ததே இல்ல. நான் மடிச்சு வெச்ச வேட்டி அது.

அடுக்களையில குக்கர் சத்தம். கொள்ளு வேகற வாசம். யாராவது வர்றாங்களான்னு கேட்டேன். இல்லீங்க, சனிக்கிழமைன்னா கை தானாக் கொள்ளை எடுத்துருது அப்படின்னா.

நான் அடுக்கி வெச்ச வார்த்தைய எல்லாம் எடுத்தேன். மொதல்லயே கேட்டேன், எங்கூட்டுக்காரர என்ன சொல்லி மயக்குன, என்னையப் பத்தி ரெண்டு பேரும் என்னென்ன பேசுனீங்கன்னு. அவ மெதுவாச் சொன்னா.

"அண்ணன் மொத நாள் வந்தப்ப உள்ள வரலீங்க நங்கையா. வாசல்லயே நின்னாரு. ‘நீ அன்னைக்குச் சொன்னது பொய். அம்மாளுக்கு ஒரு வேளை தப்பாம ஊத்துனது அவ. நான் கண்ணுல பாத்தவன். அன்னைக்கே எண்பது பேரு முன்னால சொல்லியிருக்கோணும், எனக்கு வாய் வரல. இப்பச் சொல்லிப்போட்டேன். நீ ஆமான்னு சொல்லு, நான் உள்ள வர்றேன்’னாருங்க. நான் ஆமான்னு சொன்னேனுங்க. அப்பறம்தான் உள்ள வந்தாரு."

பதினாறு வருசமா நான் அந்த மனுசங்கிட்ட எதிர்பாத்தது அது ஒண்ணுதான் அம்மிணி. வேற என்ன கேட்டேன் நான்? நகையா கேட்டேன்? அந்த ஒரு வார்த்தைய அவரு சொல்லிப்போட்டாரு. எங்க? அந்தியூர்ல, யாருமில்லாத வாசல்ல. சொன்னது எனக்குத் தெரியாது.

எங்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டேன். நீ ஏன் வந்து சொல்லலன்னும் கேட்டேன். வர்றேன்னுதான் சொன்னேனுங்க, அண்ணன்தான் வேண்டாம்னுட்டாருன்னா. ஏன்னு கேட்டேன். அவளுக்குச் சொல்ல மனசில்ல. சேலைத் தலைப்பைச் சுருட்டறா, விரிக்கறா. சொல்லு புள்ளன்னு நான் சத்தம் போட்டதுக்கப்பறம்தான் சொன்னா.

"‘அவ அந்தக் கோவத்தப் புடிச்சுட்டுத்தான் நிக்கறா. அதையும் நாம வாங்கிட்டமுன்னா உழுந்துருவா. இருக்கட்டும் விடு’ன்னாருங்க."

நான் உழுந்துருவேனாம். என்னைய அந்த மாதிரி நெனைச்சிருக்கறாரு பாரு. ஆறு வருசம் ஒரு கெழவியத் தூக்கி எறக்குனவ, உழுந்துருவேனாம். அவருக்காகத்தான கோவப்பட்டேன்? அவரு வாய் பேசாத மனுசன், அவருக்கும் சேத்து நான் கோவப்பட்டேன். நான் தூக்கிச் சுமந்துட்டு இருக்கறேன், அவரு எறக்கி வெச்சுப்போட்டுக் கொள்ளுப்பருப்பு உண்டுட்டு வந்து நிம்மதியாத் தூங்கியிருக்கறாரு. இதுக்கு என்ன பேரு, நீயே சொல்லு.

அப்பறம் கமலவேணி என்ற காலைத் தொட்டா. தப்புங்க நங்கையான்னா. அம்மா கெடக்கறப்ப எட்டு மாசம் என்னைய வந்து பாக்க விடலீங்க எங்க மாமியா ஊட்டுல, அந்த ஆத்திரத்த யாரு மேல போடறதுன்னு தெரியாம உங்க மேல போட்டுட்டேன், ஊட்டுக்குப் போயிச் சேரறதுக்குள்ளயே எனக்குத் தெரிஞ்சு போச்சு நான் சொன்னது பாவம்னு, ஆனா சொன்னதைத் திரும்ப வாங்கிக்க முடியலீங்கன்னு அழுதா.

நான் எத்தனை வார்த்தை வெச்சிருந்தேன் தெரியுமா? மூணு மாசமா அடுக்குனது, அதுக்கு முந்திப் பதினாறு வருசமாச் சேத்தது. அவ காலைத் தொட்டா என்ன சொல்லோணும்னு கூட வெச்சிருந்தேன். காலை இழுத்துக்கோணும், போடின்னு சொல்லோணும், திரும்பிப் பாக்காமப் படி எறங்கோணும். பல தடவை நெனைச்சுப் பாத்ததுதான். அவ தலை என்ற மொழங்காலுக்குப் பக்கத்துல இருந்துது. வகிடு முழுக்க நரைச்சுக் கெடந்துது.

சரி விடு. அப்படின்னேன்.

நெனைச்சுச் சொல்லல. வாயில வந்துது. சரி விடுன்னேன், அவ்வளவுதான். அவ எந்திரிச்சுக் கண்ணைத் தொடைச்சுட்டு, சாப்புடுங்கன்னா. ஊடு தேடிப் போயிட்டுச் சோத்த வேண்டாங்கக் கூடாதுன்னு உக்காந்தேன். ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன். வர்றப்ப பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தா. நீ போ, வெயிலு அப்படின்னேன்.

இதா, அத்தாணி வந்துருச்சு. இனிக் கூட்டம் எறங்கும்.

என்ன சொல்ற? மனசுக்கு இப்ப நல்லா இருக்கோணுமா? எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. அந்த மாஸ்டரும் அதைத்தான் சொல்லுவாரு, வெச்சுட்டாப் பாரம் எறங்கிரும்னு. எறங்கிருச்சு, நான் இல்லைன்னு சொல்லல. நெஞ்சுல இந்த எடத்துல பதினாறு வருசமா ஒண்ணு இருந்துது, இப்ப இல்ல. மூச்சு வாங்குனாத் தாராளமாப் போகுது. அந்தியூர்ல இருந்து அதைத்தான் பாத்துட்டு வர்றேன்.

ஆனா நான் கஷ்டமா இருக்கும்னு நெனைச்சேன் அம்மிணி. அதை எறக்கறதுக்கு என்ற உசுரே போகும்னு நெனைச்சேன். அதுக்குத்தான மூணு நாள் தண்ணி குடிக்காமப் படுத்தேன், அதுக்குத்தான ஒரு புள்ள மாமன் சீரு இல்லாம உக்காந்துது, அதுக்குத்தான செத்தவரு மொகத்தக் கூட அவளப் பக்கத்துல வந்து பாக்க விடல. ரெண்டு வார்த்தை. சரி விடு. தண்ணி குடிக்கற நேரம் கூட ஆகல. அவ்வளவு லேசா இருந்திருக்குது. அதைத்தான் என்னால தாங்க முடியல.

இவ்வளவு லேசுன்னு அந்த மனுசன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? அவருக்குத் தெரிஞ்சிருக்குது. மூணு வருசம், தெரிஞ்சுட்டேதான் என்ற பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கறாரு.